தோல் மருத்துவரே, கண்ணைக் கேளுங்கள். கண் மருத்துவரே, முகத்தைப் பாருங்கள்

தமிழ்நாட்டின் தோல் மருத்துவர்களுக்கும் கண் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். இரண்டு துறையினருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தனித்தனியாக எழுதினால், தோல் மருத்துவர் இது கண் விஷயம் என்பார். கண் மருத்துவர் இது தோல் விஷயம் என்பார். முகம் சிவந்து எரிந்து, கண்ணையும் தாக்கும் ரோசேசியா என்ற நீடித்த அழற்சி நோயோடு எங்கள் குடும்பம் அலைந்த அலைச்சல் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான்.

என் தம்பி கல்யாண சமையல் மாஸ்டர். விருதுநகர் வட்டாரத்தில் முகூர்த்த நாள் என்றால் அவன் வீட்டில் இருக்க மாட்டான். அவனுடைய குழுவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன்: அட்வான்ஸ், மளிகைச் சீட்டு, ஆள் கூலி, பாத்திர வாடகை. அந்தப் பழக்கத்தில் அவனுடைய மருந்துச் சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். தோலுக்கு ஒரு ஃபைல், கண்ணுக்கு ஒரு ஃபைல். ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தேன். கன்னம் எரிகிறது என்று போன மாதங்களிலெல்லாம் கண்ணும் எரிந்திருக்கிறது. தோல் ஃபைலில் கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. கண் ஃபைலில் முகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மளிகைக் கணக்கில் இப்படி இரண்டு நோட்டு ஒன்றுக்கொன்று பேசாமல் இருந்தால் நான் விட மாட்டேன்.

யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. கைராசியான மருத்துவர்களிடம்தான் போனோம். ஒவ்வொருவரும் அவரவர் பங்கைச் சரியாகவே பார்த்தார்கள். கோளாறு பங்கு பிரித்ததில் இருக்கிறது.

முகத்திலிருந்து தொடங்குகிறேன். கன்னமும் மூக்கும் சூடாகி எரிகிறது என்று அவன் முதலில் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. கோட்டை அடுப்புக்கு முன்னால் நின்று சாம்பார் அண்டாவைக் கிளறுகிறவனுக்கு முகம் எரியாமல் வேறு என்ன செய்யும்? அடுப்படியை விட்டு வெளியே வந்து காற்றாட உட்கார்ந்த பிறகும் அந்தச் சூடு அடங்கவில்லை என்பதைத்தான் நாங்கள் கவனித்திருக்க வேண்டும் என்று இப்போது ஊரார் சொல்கிறார்கள். சரி, அது இருக்கட்டும். கவனிக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவன் எங்கள் அப்பாவைப் போல நல்ல கறுப்பு. வெள்ளைத் தோலில் தக்காளிச் சிவப்பாகத் தெரிகிற அதே அழற்சி, எங்கள் தோலில் கருஞ்சிவப்பாகவோ, வெறுமனே கறுத்துப் போனதாகவோ தெரியும். வெயிலில் அலைந்து கறுத்துவிட்டான் என்று அம்மா வருத்தப்பட்டார், அவ்வளவுதான்.

அதனால்தான் உங்களில் பலர்கூட இந்த நோயை வெள்ளைக்காரர் நோய் என்று மனதில் வைத்திருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். வெளிர் நிறத்தவரிடம் இது அதிகம் பதிவாகிறது, உண்மை. கறுத்த தோலில் அது இல்லாததாலா, கண்ணுக்குத் தெரியாததாலா என்பது வேறு கேள்வி. நிறத்தை மட்டும் நம்பினால் இங்கே நோய் தப்பிவிடும். எரிகிறதா, குத்துகிறதா, புதிதாக எந்தக் களிம்பைப் பூசினாலும் பொறுக்காமல் போகிறதா, சூடான டீ குடித்தால் முகம் கொதிக்கிறதா என்று கேட்டால் கிடைக்கிற பதில் தோலின் நிறத்தைப் பொறுத்து மாறாது. ஒரு மருத்துவர் அப்படித்தான் கண்டுபிடித்தார். ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டைத் தம்பியின் கன்னத்தில் அழுத்தினார். அழுத்திய இடத்தில் அந்தக் கருஞ்சிவப்பு வடிந்து, பக்கத்துத் தோலின் இயல்பான நிறம் தெரிந்தது. எடுத்ததும் திரும்ப வந்து நிறைந்தது. ரத்தநாளம் விரிந்திருக்கிறது, வெறும் வெயில் கறுப்பு என்றால் இப்படி வெளுக்காது என்றார். பிறகு மூக்கின் இரு பக்கமும் விளக்கடித்துப் பார்த்தார். பரு போலக் கொப்புளங்கள் இருந்தன, ஆனால் முகப்பருவில் இருக்கும் கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு, பேனாவைக் கையில் எடுத்தவர் எழுதாமல் நிறுத்தி, “கண் உறுத்துமா?” என்று கேட்டார்.

தம்பி ஆச்சரியப்பட்டுப் போனான். அதற்கு வேறு டாக்டரிடம் பார்க்கிறேன் என்றான். எந்த டாக்டர், என்ன மருந்து, எத்தனை நாளாக என்று அவர் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டு ஃபைலும் அன்றுதான் முதன்முதலாக ஒரே மேசையில் இருந்தன.

அந்த ஒரு கேள்வியை எல்லாத் தோல் மருத்துவர்களும் கேட்க வேண்டும் என்பதுதான் இந்த மடலின் பாதி. நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். தோல் டாக்டரிடம் கண்ணைப் பற்றிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைப்பவர்கள் நாங்கள். டோக்கன் போட்டுக் காத்திருந்து உள்ளே போனால் கிடைக்கிற நேரத்தில், வந்த வேலையை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும். மண் விழுந்த மாதிரி உறுத்துகிறதா, காலையில் இமை ஓரத்தில் பீளை கட்டுகிறதா, வெளிச்சம் கூசுகிறதா, அடிக்கடி கண்கட்டி வருகிறதா, காரணமில்லாமல் தண்ணீர் வடிகிறதா. ரோசேசியா உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கண்ணிலும் ஏதாவது ஒரு பாதிப்பு இருக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். முகத்தில் லேசாக இருந்து கண்ணில் கடுமையாக இருப்பதும் உண்டு. முகத்தைப் பார்த்துக் கண்ணை எடைபோட முடியாது.

அடுத்த பாதி கண் மருத்துவர்களுக்கு. கண் மருத்துவமனையில் முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்கார வைக்கிறீர்களே, அந்த அறையில் நான் தம்பியின் பின்னால் நின்றிருக்கிறேன். விளக்கை அணைத்துவிடுகிறீர்கள். கீற்றாக ஒரு வெளிச்சம் கண்ணின் மேல் மட்டும் விழுகிறது. இமை ஓரத்து ரத்தநாளம் வரை உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த இமைக்கு ஒரு விரற்கடை கீழே இருக்கிற கன்னம் இருட்டில் இருக்கிறது. தோல் பிரிவிலோ நிலைமை நேர் எதிர். விளக்கை முகத்தில் அடிப்பதற்கு முன் முதலில் சொல்வதே “கண்ணை மூடிக்கொள்ளுங்கள்” என்பதுதான். ஓர் அறையில் கண் மறைகிறது, மற்றோர் அறையில் முகம் மறைகிறது. எனவே கண் மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் எளிது. சோதனை முடிந்ததும் விளக்கைப் போட்டு, நோயாளியின் கன்னத்தையும் மூக்கையும் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். கண்கட்டி திரும்பத் திரும்ப வருகிறவர் என்றால், இமை அழற்சி எந்தச் சொட்டுமருந்துக்கும் முழுதாக அடங்காதவர் என்றால், கட்டாயம் பாருங்கள். முகம் திடீர் திடீரென்று சூடேறுமா என்று கேளுங்கள். ஐந்தில் ஒருவருக்கு முகத்தில் எதுவும் தெரியும் முன்பே கண்ணில் தொடங்கிவிடும் என்று சொல்லப்படுகிறது. அவர்களை முதலில் பார்க்கப்போவது நீங்கள்தான்.

கண்ணில் நடப்பதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். என்னைப் போன்ற வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், மருத்துவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இமைகளின் ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக நின்று, அது ஆவியாகிப் போகாமல் காக்கிறது. ரோசேசியாவில் அந்தச் சுரப்பிகள் அழற்சியடைந்து அடைத்துக்கொள்கின்றன. தெளிவாக வர வேண்டிய எண்ணெய், மார்கழி விடியலில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும் தேங்காயெண்ணெய் மாதிரி ஆகிவிடுகிறது. கண்ணீர் சீக்கிரம் காய்கிறது, கண் எரிகிறது, எரிச்சலுக்கு மறுபடி தண்ணீராக வடிகிறது. வடிகிற கண்ணை உலர்ந்த கண் என்று சொன்னால் எங்கள் அம்மா இன்றுவரை நம்பவில்லை. அடைத்த சுரப்பி வீங்கினால் கண்கட்டி; நாங்கள் நாமக்கட்டியை உரசிப் போட்டுச் சமாளிப்போம். இதுவரை தொல்லைதான், ஆபத்து இல்லை. ஆபத்து கருவிழிக்குப் போகும்போது. அதன் கீழ்ப்பகுதியில் புண் வரலாம், ரத்தநாளங்கள் உள்ளே படரலாம், தழும்பு விழுந்து பார்வை மங்கலாம். அரிதாகக் கருவிழி மெலிந்து துளையே விழுவதும் உண்டு. வலி கூடி, வெளிச்சம் தாங்காமல், பார்வையும் மங்கினால் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைத் தோல் மருத்துவர்களும் நோயாளியிடம் சொல்லி அனுப்ப வேண்டும். மூக்குப் பருவுக்கு மருந்து வாங்கப் போனவர் கண் பார்வையைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறார்?

உங்கள் துறை இந்தச் சுவரை ஏட்டளவில் இடித்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். 2002இல் அமெரிக்காவின் தேசிய ரோசேசியா சங்கம் அமைத்த நிபுணர் குழு நோயை நான்கு வகையாகப் பிரித்தது: சிவந்து நாளங்கள் தெரிவது, பருவும் சீழ்க்கொப்புளமும் வருவது, தோல் தடித்து மூக்கு பெருப்பது, கண்ணைத் தாக்குவது. அப்படிப் பிரித்ததில் கண் தனி வகையாகப் போய் உட்கார்ந்துகொண்டது. 2017இல் அதே சங்கத்தின் குழு அந்த வகைப்பாட்டைக் கைவிட்டு, ஒரு நோயாளியிடம் எந்தெந்த அறிகுறிகள் இருக்கின்றனவோ அவை அத்தனையையும் குறித்து, அதற்கேற்ப வைத்தியம் பார்க்கச் சொன்னது. முகத்தின் நடுப்பகுதியில் நிலையான சிவப்போ, தோல் தடிப்போ இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் திடீர்ச் சூடேற்றம், கொப்புளம், தெரியும் ரத்தநாளம், கண் அறிகுறிகள் ஆகியவற்றில் இரண்டு இருந்தால் ரோசேசியா என்று கொள்ளலாம் என்றது. அதாவது, கண்ணைக் கேட்காமல் கணக்கே முடியாது. ஏட்டில் இது ஏறிப் பல வருடங்கள் ஆகின்றன. நம் புறநோயாளிப் பிரிவுகளில் தோலுக்கும் கண்ணுக்கும் இடையில் மாடிப்படி அப்படியேதான் இருக்கிறது.

மருந்துகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மருந்தைச் சொல்லிக் கொடுக்கும் விதத்தைப் பற்றி நிறைய இருக்கிறது.

டாக்ஸிசைக்ளின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். தோலுக்கும் கண்ணுக்கும் ஒருசேரப் பயன்படுவது அது. எங்கள் பக்கத்தில் அந்த மாத்திரை எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் கொடுப்பது என்று எல்லோருக்கும் தெரியும். மருந்துக் கடையில் சீட்டை நீட்டியதும், காய்ச்சலா என்று கேட்டார்கள். இல்லை, மூக்கில் பரு என்றான் தம்பி. கடைக்காரர் புருவத்தை உயர்த்தியதில் அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது, பாதியிலேயே நிறுத்திவிட்டான். இங்கே அது கிருமியைக் கொல்வதற்காக இல்லை, அழற்சியைத் தணிப்பதற்காக. அதனால்தான் குறைந்த அளவில் வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டான். இந்த நோய்க்கென்றே வெளிநாடுகளில் 40 மில்லிகிராம் அளவில், மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது என்பதையும் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, வெயில் கூடுதலாகச் சுடும், பால், இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து ஆகியவற்றோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. இவற்றை எழுதித் தந்தால் பாதிப் பக்கம்கூட வராது.

மெட்ரோநிடசோல் ஜெல்லும் இதே கதைதான். வயிற்றுப்போக்குக்கு விழுங்குகிற மாத்திரையின் பெயரை முகத்தில் பூசும் டியூபில் பார்த்தால் யார்தான் மிரள மாட்டார்கள்? ஐவர்மெக்டின் 1 சதவீதக் களிம்பு என்றால் அது பூச்சி மருந்து ஆயிற்றே என்பார்கள். ஆமாம், நம் எல்லோருடைய முகத்திலும் மயிர்க்கால்களில் குடியிருக்கும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி ரோசேசியாக்காரர்களின் முகத்தில் கூடுதலாகப் பெருகியிருக்கிறது, அதைக் குறைத்து அழற்சியையும் அடக்கும் மருந்து அது என்று சொல்லிவிடுங்கள். அசெலெய்க் அமிலக் களிம்பு முதலில் கொஞ்சம் குத்தும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று சொல்லுங்கள். ஒரு டியூபில் மாறாவிட்டால் அடுத்த டாக்டரிடம் போவது எங்கள் ஊர் வழக்கம்.

கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையை எழுதும் தோல் மருத்துவர்களுக்குத் தனியாக ஒன்று. அது கண்ணை உலர்த்தும் மருந்து என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இமைச் சுரப்பிகள் ஏற்கெனவே அடைத்துப்போன ஒருவருக்கு அதை எழுதுவதற்கு முன் கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கண் மருத்துவர்கள் பக்கமும் இதே கோரிக்கை இருக்கிறது. ஸ்டீராய்டு சொட்டுமருந்து எரிச்சலை உடனே அடக்குகிறது. அதனாலேயே நோயாளி பழைய பாட்டிலை நினைத்த நேரமெல்லாம் திரும்ப வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கண் அழுத்தமும் புரையும் அப்படித்தான் வருகின்றன. எத்தனை நாளுக்கு என்பதைச் சீட்டில் தமிழில் எழுதுங்கள். அதே போல, அவரிடம் ஏற்கெனவே டாக்ஸிசைக்ளின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். தம்பியின் இரண்டு ஃபைலிலும் ஒரே மாதத்தில் அதே மாத்திரை வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் இருக்கிறது. இரண்டையும் அவன் சாப்பிடாதது அவனுடைய சோம்பேறித்தனத்தால் வந்த நல்லது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். சூடு ஆகாது, அடுப்பிலிருந்து தள்ளி நில் என்று தோல் பிரிவில் சொன்னார்கள். கண் பிரிவிலோ, தினமும் வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடு என்றார்கள். வீட்டில் பெரிய வாக்குவாதம். சூடு ஆகாது என்றவர் சரியா, சூடு வை என்றவர் சரியா? அம்மா இரண்டும் வேண்டாம் என்று நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். இரண்டு மருத்துவர்களும் சரிதான் என்பது மெதுவாகத்தான் விளங்கியது. மூடிய இமைகளின் மேல் மட்டும், தாங்குகிற இளஞ்சூட்டில், ஐந்து முதல் பத்து நிமிடம். உறைந்த எண்ணெய் இளகும். பிறகு இமையை மெதுவாக ஓரம் நோக்கி நீவி, இமை விளிம்பைத் துடைத்தெடுக்க வேண்டும். துணி கன்னத்துக்கு இறங்கக் கூடாது. மடித்த அளவு முக்கியம்: கைக்குட்டையை நீளமாக நான்காக மடித்தால் இரண்டு இமைக்கும் சரியாக இருக்கிறது, துவாலை என்றால் முகத்தையே மூடிவிடுகிறது. முகத்துக்கு ஆவி பிடிப்பது மட்டும் கூடவே கூடாது. ஒரு துறை சொல்வதை மற்றொரு துறை அறிந்திருந்தால் இந்த விளக்கம் முதல் நாளே கிடைத்திருக்கும்.

தோல் பிரிவின் பழைய சீட்டுகளில் நான் வெட்கத்தோடு பார்ப்பது சீட்டே இல்லாமல் வாங்கிய டியூப்களின் காலத்தை. யாரோ சொல்லி, கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பு. தம்பிக்கு அது கொடுத்த முதல் வாரம் அற்புதம். முகம் தெளிந்து பளபளவென்று இருந்தது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகக் கொப்புளித்தது. பயந்து மறுபடி பூசினான். தோல் மெலிந்து நாளங்கள் எழும்பின. ரோசேசியாவை ஸ்டீராய்டு கிளறிவிடும், இல்லாதவருக்கும் அதைப் போன்ற ஒரு நிலையைக் கொண்டுவரும் என்று உங்களுக்குத் தெரியும். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கம் இந்தக் களிம்புகளுக்கு எதிராக விடாமல் பேசிவருகிறது, அதற்கு நன்றி. ஆனாலும் சிவப்பழகு கிரீம் என்றும் மங்கு கிரீம் என்றும் கேட்டால் அவை இன்னும் கைக்கு வருகின்றன. பாதி நேரம் சீட்டும் இருக்கிறது. அக்காவுக்கு எழுதிய சீட்டில் தங்கை வாங்குகிறாள், தங்கையின் டியூபைப் பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துப் போகிறாள். எத்தனை நாள் என்பதோடு, மறுபடி கொடுக்கக் கூடாது என்றும் சீட்டிலேயே எழுதுங்கள். கடைக்காரர் கேட்பாரா என்றால், சிலர் கேட்பார்கள். எழுதாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மூக்கு சிவந்திருப்பதற்கு எங்கள் ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. பந்தியில் ஒரு பெரியவர், மாஸ்டர் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாரோ என்று என் காதுபடச் சொன்னார். தம்பி மது தொடாதவன். மது அருந்தினால் ரோசேசியா உள்ளவருக்கு முகம் சூடேறலாம், ஆனால் குடிப்பழக்கம் இந்த நோய்க்குக் காரணமல்ல, தொடாதவர்களுக்கும் வருகிறது. அந்தப் பேச்சுக்குப் பிறகு இரண்டு வீட்டுக் கல்யாண வேலை கைவிட்டுப் போனது. ஆகையால் அறிகுறி கேட்கும்போது “குடிப்பீர்களா?” என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். கேளுங்கள், ஆனால் டீ, மிளகாய்க் காரம், வெயில், வேலைக்கள வெப்பம், மனக்கவலை என்ற வரிசையில் ஒன்றாகக் கேளுங்கள். பக்கத்தில் அம்மா நிற்கிறார்.

வேலைக்கள வெப்பம் என்றேன் அல்லவா. சூட்டைத் தவிர்க்கவும் என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். மே மாதத்து விருதுநகரில், அடுப்படியில் பிழைக்கிறவனுக்கு அதை எப்படி நிறைவேற்றுவது? வேலையை விடச் சொல்வதற்கு அது இன்னொரு பெயர். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் வேறு வழி சொல்லியிருக்கலாம். அந்தக் கண்ணாடித் தகட்டு மருத்துவர் கேட்டார். அடுப்புக்குப் பக்கவாட்டில், காற்று வரும் திசையில் நிற்கச் சொன்னார். தாளிப்பையும் எண்ணெய்ச் சட்டியையும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அடிக்கடி வெளியே வந்து கழுத்திலும் முகத்திலும் ஈரத்துணி வைத்துக்கொள்ளச் சொன்னார். துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார். முகத்துக்குச் சோப்பு, எலுமிச்சை, கடலைமாவுத் தேய்ப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். தம்பி ஓர் உதவியாளரைக் கூடுதலாக வைத்துக்கொண்டான். அந்தக் கூலி இப்போது என் கணக்கில் மருந்துச் செலவு என்ற தலைப்பில் ஏறுகிறது. குளிரூட்டிய உங்கள் அறைக்கு வரும்போது அவன் முகம் தணிந்துவிடுகிறது என்பதால், சூடேறும் நேரத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வரச் சொன்னதும் அவர்தான். பண்டக அறை வாசலில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் கண் மருத்துவருக்கும் பயன்பட்டன.

லேசர், நாளங்களைச் சுருக்கும் ஜெல், தடித்த மூக்கைச் செதுக்கும் அறுவை ஆகியவற்றைப் பற்றி எழுத எனக்கு அனுபவமில்லை. எங்கள் பர்ஸுக்கும் இல்லை. குழந்தைகளைப் பற்றி மட்டும் ஒரு சொல். அவர்களுக்கும் இது வரும், பெரும்பாலும் கண்ணில்தான் முதலில் காட்டும். ஒரே குழந்தைக்குக் கண்கட்டி மாறி மாறி வந்து, கண் சிவந்து கூசிக்கொண்டே இருந்தால், அழுக்குக் கையால் தேய்க்கிறது என்று திட்டி அனுப்பாமல் இதையும் நினைவில் வையுங்கள்.

1819ஆம் ஆண்டிலேயே சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கிய மாநிலம் இது. மூலை முடுக்குக் கிராமத்திலும் கண் முகாம் நடக்கிறது. தோல் பிரிவு இல்லாத அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. புதிதாகக் கட்டடமோ கருவியோ கேட்கவில்லை. புறநோயாளிச் சீட்டில் தோல் பிரிவுக்கு “கண் எரிச்சல் உண்டா?” என்றும், கண் பிரிவுக்கு “முகத்தில் எரிச்சல், சிவப்பு, பரு உண்டா?” என்றும் ஒரு வரி அச்சடியுங்கள். ஆம் என்றால் மற்றப் பிரிவுக்கு நான்கு வரி எழுதி நோயாளி கையில் கொடுங்கள். என்ன மருந்து, என்ன அளவு, எத்தனை நாள். உங்கள் சங்கங்கள் மாவட்டந்தோறும் கூட்டம் நடத்துகின்றன. வருடத்துக்கு ஒரு கூட்டத்தைச் சேர்ந்து நடத்தி, கறுத்த தோலில் இந்த நோய் எப்படித் தெரிகிறது என்று நம் நோயாளிகளின் படங்களைப் போட்டுக் காட்டுங்கள். பட்டமேற்படிப்பு மாணவர்களைச் சில நாட்களாவது பக்கத்துப் பிரிவில் உட்கார வையுங்கள்.

தம்பிக்கு இது முழுதாகத் தீரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கட்டுக்குள் இருக்கிறது. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் முன் இரண்டு பிரிவிலும் மறுபரிசோதனை இருக்கிறது. சாயந்தரத்துக்குள் முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும், மறுநாள் காய்கறி இறக்கும் வேலை. முடிந்தால் அவற்றை ஒரே நாளில் வைத்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சமையல் மாஸ்டரின் அக்கா,
விருதுநகர் மாவட்டம்